முகம் மறைத்த செய்தியாளர்

ஹதீதுக் கலை பயில வரும் மாணவர்க்கு, சொல்லப்பட்டது யாது என்பதற்கு முன்னே சொன்னவர் யார் என்று வினவவே நாம் முதலில் கற்பிக்கிறோம். இன்னாரென்று அறியப்படாத அறிவிப்பாளரை ‘மஜ்ஹூல்’ என்று இமாம்கள் ஒதுக்கினர். மதுரையில் இப்பாடம் நடக்கையில் ஒரு மாணவர் கேட்டார்: “ஹஜ்ரத், மாறுவேடத்தில் சென்று பிறர் குற்றத்தை அம்பலப்படுத்தும் பத்திரிகையாளரின் முகத்தை வெளியிடலாமா? அவர் உயிருக்கு ஆபத்தல்லவா?”

ஆபத்து மெய்தான். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். திரையுலகினரின் அந்தரங்கங்களை அச்சிட்டு விற்றவர் அவர். அவ்வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும், பிரிவி கவுன்சில் தலையீட்டுக்குப் பின் 1947இல் விடுதலையாயினர். பாகவதர் பாட்டில் மயங்கிய நம் மதுரைப் பெரியவர்கள் இவ்வழக்கைப் பேசும்போது, கொலையுண்டவருக்காக ஒருவரும் இரங்கியதை நாம் கேட்டதில்லை. அது நமக்கு உறுத்தலாகவே இருந்து வருகிறது. பழிதூற்றியவனாயினும் கத்திக்கு இரையாக வேண்டியவனல்லன்.

ஆயினும் லட்சுமிகாந்தன் யாரென்று ஊருக்குத் தெரியும். இலண்டனில் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ ஏட்டின் மஜ்ஹர் மஹ்மூது அப்படியல்லர். அரபு ஷைகாக வேடமிட்டு, செல்வத்தைக் காட்டிப் பிரமுகர்களைப் பேசவைத்தார். நம்மவர் பெயர், நம்மவர் அங்கி! நீதிமன்றத்திலும் திரைமறைவிலிருந்தே சாட்சி சொன்னார். 2006இல் ஜார்ஜ் கேலோவே என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர் படத்தை வெளியிட முற்பட்டபோது, உயிராபத்தைக் கூறித் தடை கோரப்பட்டது. தற்காலிகத் தடையை நீட்டிக்க உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அவர் செய்ததெல்லாம் தீதென்று நாம் சொல்லவில்லை. 2010இல் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர்களின் சூதாட்ட மோசடியை வெளிக்கொணர்ந்தவர் அவரே. மூன்று வீரர்கள் மறு ஆண்டு சிறை சென்றனர். துருவித் துருவி ஆராய்வதை ‘அல் ஹுஜுராத்’ அத்தியாயம் விலக்கியிருப்பினும், தேவைக்காக ஒருவர் குறையை எடுத்துரைப்பது புறம்பேசுதலாகாது என்றே ஹதீதுக் கலை இமாம்களும் கொண்டனர். ஆனால் குறை உரைத்த அவர்கள் தம் பெயரை மறைத்தார்களா? ‘தாரீகுல் கபீர்’ எழுதிய இமாம் புகாரியும், ‘மீஸானுல் இஃதிதால்’ எழுதிய இமாம் தஹபியும் தம் பெயரிலேயே எழுதினர். பிறரை எடைபோட்டவர்கள் தாமும் தராசில் நின்றார்கள். இன்னார் கடுமை மிக்கவர், இன்னார் நடுநிலையாளர் என்று பின்வந்தோர் அவர்களையும் கணித்தார்கள்.

மஹ்மூது அத்தராசுக்கு வர நெடுங்காலமாயிற்று. துலிசா என்ற பாடகி போதைப்பொருளை வெறுத்துப் பேசியதாக மஹ்மூதின் கார் ஓட்டுநர் முதலில் கூறியிருந்தார். பின்னர் அவ்வாக்குமூலம் மாற்றப்பட்டது. 2014இல் பாடகி மீதான வழக்கு சரிந்தது. 2016 அக்டோபரில் நீதியைத் திசைதிருப்பச் சதி செய்த குற்றத்துக்காக மஹ்மூதுக்கு 15 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

“மிரட்டல் வந்தால் காவல் கேட்கட்டும், அது அவர் உரிமை. முகம் தெரியாதிருப்பது அடுத்த வேடத்துக்கு உதவும் என்பதற்காகத் திரை கேட்பது வேறு,” என்றோம்.

“அச்சத்தால் பெயர் சொல்லாமல் தகவல் தரும் ஏழை ஊழியர்?” என்றார் மாணவர்.

அவருக்கு அத்திரை வேண்டும் என்றோம். அவர் சொல்லுக்குப் பொறுப்பேற்று, கீழே தம் பெயரிட வேண்டியவர் எழுதுபவர்.