ஜேக் லெஸ்லி: தேர்வாகியும் இங்கிலாந்துக்கு ஆடாத காற்பந்து வீரர்

ஜேக் லெஸ்லி (1901–1988) இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிளைமவுத் ஆர்கைல் குழுவுக்கு ஆடிய இங்கிலாந்து காற்பந்து ஆட்டக்காரர். அக்குழுவுக்காகச் சுமார் 400 ஆட்டங்களில் களமிறங்கி 130க்கும் மேற்பட்ட கோல்களை அடித்தவர். ஆனால் இன்று அவர் பெயர் பேசப்படுவது, அவர் ஆடாத ஓர் ஆட்டத்துக்காகத்தான்.

கிழக்கு லண்டனில் துறைமுகத்தை ஒட்டிய கேனிங் டவுன் என்ற தொழிலாளர் வட்டாரத்தில் பிறந்தார். தந்தை ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவர், தாய் ஆங்கிலேயர். இளம் வயதில் பாய்லர் கட்டும் தொழிலைக் கற்றுக்கொண்டார். பார்க்கிங் டவுன் என்ற உள்ளூர்க் குழுவில் கோல்களைக் குவித்ததால், பிளைமவுத் ஆர்கைலின் நிர்வாகி பாப் ஜேக்கின் கண்ணில் பட்டார். 1921இல் அங்கே சேர்ந்தவர், ஆடும் காலம் முடியும்வரை வேறு குழுவுக்குப் போகவில்லை.

முன்வரிசையில் ஐவர் நின்று ஆடிய காலம் அது. இடது ஓரத்தில் ஓடுபவருக்கும் நடுவில் நிற்பவருக்கும் இடையிலான இடம் லெஸ்லியுடையது. பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுத்து மற்றவர்களுக்கு வழி அமைப்பது அந்த இடத்தின் முதல் வேலை. அதைச் செய்துகொண்டே இத்தனை கோல்களும் அடித்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இடது ஓரத்தில் அவருக்குத் துணையாக ஓடியவர் ஸ்காட்லாந்துக்காரரான சாமி பிளாக். பிளைமவுத் வரலாற்றில் இன்றுவரை அதிக கோல் அடித்தவர் அவரே. இருவரும் சேர்ந்து அடித்தவை 300க்கும் மேல்.

ஆனாலும் குழு மூன்றாம் டிவிஷனை விட்டு மேலே ஏற முடியாமல் தவித்தது. தெற்குப் பிரிவில் முதலிடம் பெறும் ஒரு குழுவுக்கு மட்டுமே இரண்டாம் டிவிஷனுக்கு உயர்வு. 1921-22 முதல் 1926-27 வரை தொடர்ந்து ஆறு பருவங்கள் பிளைமவுத் இரண்டாம் இடத்திலேயே முடித்தது. முதல் முறை சவுத்ஹாம்டனுடன் புள்ளிகள் சமம்; கோல் சராசரியில் போனது. பிறகு ஒரு புள்ளியில் ஸ்வான்சியிடமும், மறு ஆண்டு மீண்டும் ஒரே புள்ளியில் ரெடிங்கிடமும் வாய்ப்பை இழந்தது. இன்று எந்தக் குழுவின் ரசிகர்களாக இருந்தாலும் இதை ஆறு ஆண்டுகள் பொறுத்துக்கொள்வார்களா என்பது சந்தேகமே. 1930இல்தான் முதலிடமும் உயர்வும் கிடைத்தன.

இந்தக் காத்திருப்பின் நடுவில் வந்தது 1925 அக்டோபர். அயர்லாந்துக்கு எதிராக பெல்ஃபாஸ்ட்டில் ஆட இங்கிலாந்து தயாரானது. தேசியக் குழுவுக்கு அப்போது நிர்வாகி கிடையாது. அந்தப் பதவியே 1946இல்தான் வந்தது. காற்பந்துச் சங்கத்தின் தேர்வுக்குழுவினர் கூடிப் பேசிப் பெயர்களை முடிவு செய்வார்கள். பாப் ஜேக் ஒருநாள் லெஸ்லியை அழைத்து, இங்கிலாந்துக்கு நீ தேர்வாகிவிட்டாய் என்றார். பத்திரிகைகளிலும் பெயர் வெளிவந்தது. மூன்றாம் டிவிஷன் ஆட்டக்காரர் ஒருவருக்கு இப்படி அழைப்பு வருவது அரிது. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது.

சில நாள்களில் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. 24 அக்டோபர் 1925இல் இங்கிலாந்து பெல்ஃபாஸ்ட்டில் கோலின்றிச் சமநிலை கண்டது. அதே நாளில் லெஸ்லி பிளைமவுத் திடலில் போர்ன்மவுத்துக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். பிளைமவுத் 7-2 என வென்றது.

என்ன நடந்தது என்பதை லெஸ்லியே பல ஆண்டுகள் கழித்து, 1978இல், ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். சங்கத்திலிருந்து மீண்டும் ஆள் வந்து பார்த்ததாகக் கேள்விப்பட்டாராம். பார்க்க வந்தது ஆட்டத்தை அல்ல, முகத்தை என்பது அவர் கருத்து. கறுப்பினத்தவர் என்று தெரியாமல் தேர்வு செய்துவிட்டு, தெரிந்ததும் விலக்கிவிட்டார்கள் என்றே அவர் கடைசிவரை நம்பினார். அதன் பிறகு பத்துப் பருவங்கள் ஆடியும் அழைப்பு வரவே இல்லை. திறமை குறைந்ததால் என்று சொல்வதற்கும் இடமில்லை. 1932 ஜனவரியில் எஃப்.ஏ. கிண்ணத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-1 என வென்ற குழு அது. அதே பருவத்தில் இரண்டாம் டிவிஷனில் நான்காம் இடம் வந்தது.

மற்ற நாடுகளும் அப்படியே நடந்துகொண்டன என்று சொல்லிவிட முடியாது. வேல்ஸ் 1931இலேயே கறுப்பினத்தவரான எடி பாரிஸைத் தன் தேசியக் குழுவில் ஆட வைத்தது. இங்கிலாந்தில் சீனத் தந்தைக்குப் பிறந்த ஃபிராங்க் சூ, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தேசியக் குழுவுக்கு ஆடினார். ஆனால் அந்த ஆட்டங்கள் அதிகாரப்பூர்வக் கணக்கில் சேரவில்லை.

தோல் பந்தை நாடாவால் கட்டி ஆடிய காலம் அது. அந்த நாடா கண்ணில் பட்டதால் லெஸ்லியின் பார்வை பாதிக்கப்பட்டது. 1930களின் நடுவில் ஆட்டத்தை விட்டார். அக்காலத்தில் எத்தனை பெரிய ஆட்டக்காரருக்கும் வாரச் சம்பளம் 8 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. சேமிப்பில் காலம் தள்ள வழியில்லை. கிழக்கு லண்டனுக்குத் திரும்பி மீண்டும் பாய்லர் வேலைக்குப் போனார்.

அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1960களில், வெஸ்ட் ஹாம் கிளப்பில் ஆட்டக்காரர்களின் சப்பாத்துகளைத் துடைத்து வைக்கும் வேலையில் சேர்ந்தார். இங்கிலாந்துக்கு 1966 உலகக் கிண்ணத்தை வென்று தந்த பாபி மூர், ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ் மூவரும் அந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்கள். பெர்முடாவிலிருந்து வந்த கறுப்பின ஆட்டக்காரர் கிளைட் பெஸ்ட்டும் அங்கேதான் ஆடினார். அந்த முதியவர் ஒரு காலத்தில் இங்கிலாந்துக்குத் தேர்வானவர் என்பது தங்களுக்குத் தெரியாது என்று அங்கு ஆடியவர்கள் சிலர் பின்னாளில் சொன்னார்கள்.

வெஸ்ட் ஹாமின் அப்போதைய நிர்வாகி ரான் கிரீன்வுட், பிறகு இங்கிலாந்தின் நிர்வாகியானார். 1978 நவம்பரில் விவ் ஆண்டர்சனைக் களமிறக்கியவர் அவரே. அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவராக ஆண்டர்சன் போற்றப்படுகிறார். 1925இலிருந்து கணக்கிட்டால் இடையில் 53 ஆண்டுகள்.

2020இல் ரசிகர்கள் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கினர். 2022 அக்டோபரில் பிளைமவுத்தின் ஹோம் பார்க் அரங்கத்துக்கு வெளியே லெஸ்லியின் சிலை திறக்கப்பட்டது. தேசியக் குழுவுக்கு ஆடுவோருக்கு வழங்கப்படும் தொப்பியைக் கௌரவமாக அளிப்பதாக இங்கிலாந்து காற்பந்துச் சங்கம் அறிவித்தது. 2023 மார்ச்சில் வெம்பிளி அரங்கத்தில் அதை அவருடைய பேத்திகள் பெற்றுக்கொண்டனர். லெஸ்லி இறந்து அப்போது 34 ஆண்டுகள் கடந்திருந்தன.