அரசரின் ‘வைத்தியர்’ எங்கே படித்தவர்?

2010இல் வந்த ‘த கிங்ஸ் ஸ்பீச்’ படம் பார்த்த ஆக்களுக்கு ஒரு இடம் நல்லா ஞாபகம் இருக்கும். முடிசூட்டு விழாவுக்கு முதல், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைத்து, லயனல் லோகிடம் எந்தப் பட்டமும் இல்லை என்ற கதை வெளியில் வருகிறது. அரசருக்குக் கோபம். பார்க்கிற நாங்கள் எல்லாரும் லோகின் பக்கம். பட்டம் என்ன பட்டம், மனுசன் பேச வைச்சிட்டாரே!

படம் நல்ல படம்தான். ஆனால் அந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தூக்கி எறியலாமோ?

லோக் 1880இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட்டில் பிறந்தவர். பேச்சுக்கலை கற்பித்தவர், மருத்துவர் அல்ல. முதலாம் உலகப் போர் முடிந்து பேச்சுக் குழம்பி வந்த படையாட்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்துப் பெயரெடுத்தார். 1924இல் லண்டனுக்குப் போய், பெரிய வைத்தியர்கள் இருந்த ஹார்லி வீதியிலேயே அறை எடுத்தார். அடுத்த வருசம் ஒக்ரோபர் 31ஆம் திகதி யோர்க் கோமகன் வெம்பிளியில் பேச எழும்பித் திக்கித் திணறினார். 1926இல் அவர் லோகிடம் வந்தார். 1927 மே மாதம் கன்பராவில் புதிய நாடாளுமன்றத்தைத் திறந்து வைத்துப் பேசினார். படம் இதையெல்லாம் முப்பதுகளுக்குள் சுருக்கிவிடுகிறது. உண்மையில் முடிசூட்டு வருசமான 1937 வரும்போது இரண்டு பேருக்கும் பத்து வருசத்துக்கு மேலான பழக்கம்.

அந்த நேரம் லோகிடம் “உங்கட பதிவு இலக்கம் என்ன?” என்று ஒருவர் கேட்டிருந்தால் அவர் எதைக் காட்டுவார்? பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கென்று பதிவேடு ஒன்று பிரித்தானியாவில் இருக்கவே இல்லை. ஆள் ஆளுக்குச் சொன்ன பேர்தான் சான்றிதழ்.

வாய்ப்பேச்சுச் சான்றிதழ் லோக் விசயத்தில் சரிவந்தது. எல்லாருடைய விசயத்திலும் அப்படி வரவில்லை. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘திக்குவாய்ப் பள்ளிகள்’ பெரிய வியாபாரம். இந்தியானாபொலிஸ் நகரில் பெஞ்சமின் போக் 1901இல் தொடங்கிய நிறுவனம் அதில் பேர்போனது. அவரும் திக்குவாயால் அவதிப்பட்டவர்தான். பத்திரிகையில் விளம்பரம், குணமாகும் என்ற நம்பிக்கை, தங்கிப் படிக்க வசதி. இன்றைக்கு முகநூலில் வருகிற “முப்பது நாளில் பிள்ளை பேசும்” விளம்பரத்தின் கொப்பாட்டன் எண்டு சொல்லலாம். 1925இல் அங்கே உருவான தொழில்சார் சங்கம் தன் ஆரம்பகால ஒழுக்க விதிகளிலேயே, குணமாக்கித் தருவேன் என்று உத்தரவாதம் கொடுப்பதைத் தவறு என்று எழுதி வைத்தது. இன்றுவரை அந்த விதி நிற்கிறது. எனக்கு இந்த வரலாற்றிலேயே ஆகப் பிடித்த விசயம் இதுதான். கெட்டிக்காரத்தனத்தை அளப்பது கடினம், பொய் வாக்குறுதியைப் பிடிப்பது கொஞ்சம் சுலபம்.

அப்ப பட்டம் இருந்தால் போதுமா? 1841இல் பெர்லினில் யொகான் டீஃபன்பாக் என்ற பேர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் திக்குவாய்க்கு நாக்கின் அடிப்பகுதியில் ஆப்புப் போல ஒரு துண்டை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து இன்னும் வராத காலம். தகுதியில் எந்தக் குறையும் இல்லாத மனிதர். ஆனால் அது அவருடைய துறையே இல்லை. இன்னொன்று 1939, அயோவா மாநிலம், டேவன்போர்ட் அநாதை இல்லம். துறையின் முன்னோடிகளில் ஒருவரான வெண்டல் ஜோன்சனின் மேற்பார்வையில் 22 பிள்ளைகளை வைத்து ஆய்வு நடந்தது. ஒழுங்காகப் பேசிய ஆறு பிள்ளைகளிடம் உனக்குத் திக்குகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிள்ளைகள் வாய் திறக்கவே தயங்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல்.

ஆகவே பதிவேடு என்பது படித்தவர்களின் பட்டியல் மட்டும் அல்ல. பிழை செய்தால் முறையிட ஒரு இடமும், பேரை வெட்ட ஒரு அதிகாரமும் அதில் இருக்க வேண்டும். லோகும் 1935இல் பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கான சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1945இல் அது இன்னொரு சங்கத்தோடு சேர்ந்து கல்லூரி ஆனது. தன்னைப் போன்ற ஒருவர் இனி நுழைய முடியாத கதவைக் கட்டுவதில் அவருக்கும் பங்கு உண்டு. படத்தில் இதைக் காட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

இன்று பிரித்தானியாவில் பதிவில்லாமல் அந்தப் பதவிப்பேரைப் பாவிப்பது குற்றம். யாரும் இணையத்தில் பேரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாக உரிமம். அங்கே தொழில்சார் சங்கத்தின் சான்றிதழ் வேறு, மாநில உரிமம் வேறு. ஒன்றைக் காட்டினால் மற்றது இருக்கிறது என்று அர்த்தமில்லை. உரிமம் எப்ப காலாவதி, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதையும் பார்க்க வேணும்.

இங்கே களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் இந்தத் துறைக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஒரு சிகிச்சையாளரிடம் போகிற அம்மா அப்பா, எங்கே படித்தீர்கள், மருத்துவப் பேரவைப் பதிவு இலக்கம் என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அந்த இலக்கத்தைப் பேரவையிடமே கேட்டு உறுதிப்படுத்துவதும் அப்படித்தான்.

தமிழ்ப் பிள்ளை என்றால் மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு: பிள்ளையை எந்த மொழியில் சோதிப்பீர்கள்? யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘வாளைப்பளம்’ என்று சொன்னால் அது பேச்சுக் குறைபாடு இல்லை. அந்த வீட்டில் அம்மம்மாவும் அப்படித்தான் சொல்லுவா.