நிகழ்வுக்கலைப் படங்கள்

கலைஞர் தம் உடலையே பொருளாகக் கொண்டு, பார்வையாளர் முன்போ கேமரா முன்போ நிகழ்த்தும் செயல்களைப் பதிந்துவைத்த சோதனைத் திரைப்படங்களும் வீடியோக்களும் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. செய்திப்படத்திலிருந்தும் மேடைப் பதிவிலிருந்தும் இவை எங்கே பிரிகின்றன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. படமெடுத்தவரின் கை எவ்வளவு தெரிகிறது என்பதை அளவுகோலாகக் கொள்வது ஒரு வழக்கம். இங்கும் அதுவே கொள்ளப்படுகிறது.

முன்னோடியாகப் பலரும் காட்டுவது, ஜாக்சன் பொல்லாக் வண்ணம் சொட்டி ஓவியம் தீட்டுவதை ஹான்ஸ் நமுத் 1950இல் எடுத்த படம். ஓவியர் கண்ணாடிப் பலகைமேல் வேலை செய்ய, கேமரா அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தது. ஜப்பானின் குட்டாய் என்ற கலைக்குழுவினர் நடத்திய நிகழ்வுகளில் சில சிறு படத்துண்டுகளாக எஞ்சின. பிரெஞ்சுக் கலைஞர் ஈவ் கிளைன் பெண்களின் உடலில் நீல வண்ணம் பூசித் தாளில் ஒற்றியெடுத்த முறை, இத்தாலியப் படமான ‘மொண்டோ கானே’யில் கேலிக்குரிய காட்சியாக இடம்பெற்றது. 1962இல் கான் திரைப்பட விழாவில் அதைப் பார்த்த அன்றே கிளைனுக்கு மாரடைப்பு வந்தது. அடுத்த மாதம் 34 வயதில் இறந்தார். படமே காரணம் என்பார் உண்டு. அதை நிறுவ வழியில்லை.

மிக விரிவாக ஆராயப்பட்டிருப்பது 1964 முதல் 1968 வரையிலான வியன்னா. ஓட்டோ மூல், குண்டர் புரூஸ் ஆகிய கலைஞர்கள் உணவுப்பொருள், சாயம், உடல் இவற்றைக் கொண்டு நடத்திய ‘ஆக்‌ஷன்’களைப் படமாக்கியவர் குர்ட் கிரென் (1929–1998). இவர் ஆஸ்திரிய தேசிய வங்கியின் ஊழியர். தம் படங்களுக்கு எண்ணும் ஆண்டும் சேர்த்தே பெயரிட்டார்: ‘6/64 மாமா உண்ட் பாப்பா’ என்றால் ஆறாவது படம், 1964ஆம் ஆண்டு. வங்கிப் பேரேட்டில் பதிவதுபோன்ற இந்த ஒழுங்கு, படத்துக்குள் நடப்பதைப் பார்த்தவருக்குச் சற்றுச் சிரிப்பூட்டும்.

நடந்ததை நடந்த வரிசையில் காட்டுவது கிரெனின் நோக்கமாக இருக்கவில்லை. எந்தக் காட்சி எத்தனை சட்டகம் ஓட வேண்டும் என்று எண்களால் திட்டமிட்டு வெட்டும் பழக்கம் அவருக்கு 1960லேயே உண்டு. ‘6/64’ சுமார் நான்கு நிமிடப் படம். காட்சிகள் பல, நொடிக்கும் குறைவாகவே தங்குகின்றன. ஊற்றும் கை, வழியும் மாவு, திரும்பும் முகம் எல்லாம் முன்பின்னாக மாறி மாறி வருகின்றன. எது முதலில் நடந்தது என்று படத்தைக்கொண்டு சொல்ல முடியாது. புரூஸின் முதல் ஆக்‌ஷனான ‘ஆனா’வுக்கும் (8/64) இதே கதிதான். ‘10/65 தற்சிதைப்பு’ மட்டும் சற்று நிதானமானது: வெள்ளைக் குழம்பு அப்பிய புரூஸின் முகத்தையும், சுற்றிக் கிடக்கும் கத்தரிக்கோல், பிளேடுகளையும் அடையாளம் காணும் அளவுக்குக் கண் தங்குகிறது.

கலைஞர்கள் எதிர்பார்த்தது ஆவணம். கிடைத்தது கிரெனின் படம். மூலுக்கு இது பிடிக்கவில்லை என்றும், அதனாலேயே பின்னர் தாமே படமெடுக்கத் தொடங்கினார் என்றும் சொல்லப்படுகிறது. ஆயினும் அந்த நிகழ்வுகள் உலகுக்குத் தெரியவந்ததில் கிரெனின் படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1968 ஜூன் 7 அன்று வியன்னா பல்கலைக்கழகத்தில் நடந்த ‘கலையும் புரட்சியும்’ நிகழ்வு நீதிமன்றம் வரை போனது. அதில் பங்கேற்றதற்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்ற புரூஸ் பெர்லினுக்குத் தப்பினார். கிரெனின் வங்கி வேலை பறிபோனதும் இதையொட்டியே என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. பின்னாளில் அமெரிக்கா சென்ற அவர், ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காவலராகப் பணியாற்றினார். 1989இல் வியன்னா திரும்பினார்.

கையடக்க வீடியோ வந்த தேதியே வழக்குக்குரியது. கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக் 1965 அக்டோபரில் நியூயார்க்கில் போப்பாண்டவரின் வருகையைச் சோனி போர்ட்டபாக்கில் பதிந்து அன்றிரவே காட்டினார் என்ற கதை பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ஆனால் அக்கருவி 1967இல்தான் சந்தைக்கு வந்தது. அவர் கையில் இருந்தது வேறு கருவியாகலாம். கலைஞர் ஜோன் ஜோனஸ் 1970இல் ஜப்பானில் ஒரு போர்ட்டபாக் வாங்கி, கேமராவையும் திரையையும் மேடையிலேயே ஏற்றினார். பார்வையாளர் உடலை ஒரு பக்கமும் அதன் வீடியோ உருவத்தை மறுபக்கமும் ஒரே நேரத்தில் கண்டனர். பதிவு நிகழ்வுக்குப் பின்னால் வருவது என்ற முறை அங்கே உடைந்தது.

1971 நவம்பர் 19 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் கலைஞர் கிறிஸ் பர்டன், நண்பர் ஒருவரைக்கொண்டு தம் இடக்கையில் துப்பாக்கியால் சுடச்செய்தார். ‘ஷூட்’ எனப்படும் அதன் படம் சூப்பர் 8இல் சுமார் எட்டு நொடி. நேரில் கண்டவர் ஒரு சிலரே. மற்றவர்க்கு அந்த எட்டு நொடிதான் ‘ஷூட்’.

டிரிஷா பிரவுனின் ‘வாட்டர் மோட்டார்’ தனிநடனத்தை பாபெட் மங்கோல்ட் 1978இல் கறுப்பு வெள்ளையில், ஒலியின்றி எடுத்தார். முதலில் இயல்பான வேகத்தில், வெட்டில்லாமல் ஒரே ஓட்டம். பிறகு நொடிக்கு 48 சட்டகம் வைத்து அதே நடனம், பாதி வேகத்தில். முதல் முறை தோள் வெட்டியிழுத்ததாகத் தோன்றிய இடத்தில், இரண்டாம் முறை முழங்கை முந்திச் செல்வதும் தலை தாமதித்து வருவதும் தெரிகின்றன. நேரில் எத்தனை முறை பார்த்தாலும் பிடிபடாத ஒன்றைப் படம் காட்டிய அரிய இடம் இது.

பதிவும் நிகழ்வும் ஒன்றா என்ற விவாதத்தில், ஆய்வாளர் பெகி ஃபெலன் 1993இல், நிகழ்வு நிகழ்காலத்தில் மட்டுமே வாழ்வது, பதிந்தால் அது வேறொன்றாகிவிடும் என்று வாதிட்டார். ஃபிலிப் ஆஸ்லாண்டர் 1999இல் இதை மறுத்தார். நேரடித்தன்மை என்ற எண்ணமே பதிவுக்கருவிகள் வந்த பிறகு பிறந்தது என்பது அவர் கட்சி. வழக்கு தீரவில்லை.

மரீனா அப்ரமோவிச் 2005இல் கக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் பிறருடைய பழைய நிகழ்வுகள் சிலவற்றை மீண்டும் நிகழ்த்தியபோது படமெடுத்தவரும் மங்கோல்ட்தான். பழைய பதிவுகளும் நிலைப்பதில்லை: 1970களின் வீடியோ நாடாக்களில் பல பிசுபிசுத்துப்போயின. அவற்றை மெல்லிய சூட்டில் வாட்டி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து நகலெடுக்கிறார்கள். மாறாக, கலைஞர் டினோ சேகல் தம் படைப்புகளைப் படமெடுக்கவே அனுமதிப்பதில்லை. அவற்றின் விற்பனையும் காகிதமின்றி, வாய்மொழி ஒப்பந்தமாகவே நடக்கிறது.