கட்டையும் கிலோமீட்டரும்: தொலைவு அளவை மாற்றமும் தமிழர் வாய்மொழி வரலாறும்

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் சொற்களுள் 'கட்டை' என்பதும் ஒன்றாகும். 'ஆறாம் கட்டை', 'பத்தாம் கட்டை' என முதியோர் கூறும் இடப்பெயர்கள், ஆங்கிலேயர் ஆட்சியில் சாலையோரங்களில் நடப்பட்ட மைல்கற்களை அடியொற்றி எழுந்தவை. கட்டை என்னும் சொல் நடப்பட்ட கல்லையும் குறித்தது. ஒரு மைல் தொலைவையும் குறித்தது. யாழ்ப்பாணத் தமிழிலும் இவ்வழக்கு உண்டு. மலாய் மொழியில் கல்லைக் குறிக்கும் 'பத்து' என்னும் சொல்லும், சிங்கப்பூர்ச் சீனரிடையே கல்லைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறே மைலைக் குறிக்கலாயின.

இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மெட்ரிக் முறையை ஏற்றது. சிங்கப்பூர் 1970இல் இம்மாற்றத்திற்கெனத் தனி வாரியம் அமைத்தது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. சாலையோர மைல்கற்கள் படிப்படியாக மறைந்தன. ஆயினும் பெயர்கள் மறையவில்லை. கோலாலம்பூரிலிருந்து காஜாங் செல்லும் எம்.ஆர்.டி. தடத்தில் 2017இல் திறக்கப்பட்ட நிலையம் ஒன்று 'பத்து 11 செராஸ்' என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. மெட்ரிக் முறையில் பயின்று வளர்ந்த மாணவர்கள் அவ்வெண் பழைய செராஸ் சாலையின் பதினோராம் மைல் என்பதை அறிவது அரிது.

அளவையை மாற்றுவது எளிது. 1959ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்பாட்டின்படி ஒரு கெஜம் 0.9144 மீட்டர். 1,760 கெஜம் கொண்ட ஒரு மைல் 1.609344 கிலோமீட்டர். ஐந்து மைலை எட்டுக் கிலோமீட்டர் எனக் கொள்ளும் வகுப்பறை வழக்கில் ஏற்படும் பிழை ஏறத்தாழ 47 மீட்டரே. எனவே, பதினோராம் கட்டை ஏறத்தாழ 17.7 கிலோமீட்டர் என எவரும் கூறிவிடலாம். சிக்கல் கணக்கில் இல்லை. சான்றைக் கையாளும் முறையில்தான் உள்ளது.

முதலாவதாக, கட்டை எண் ஒரு தொடக்கப் புள்ளியையும் ஒரு சாலையையும் சார்ந்தது. சிங்கப்பூரில் மைல் கணக்கின் தொடக்கம் ஃபுல்லர்ட்டன் கட்டடத்திலிருந்த பொது அஞ்சல் நிலையமாகும். புக்கிட் தீமா சாலையின் ஏழாம் கட்டையும் வேறொரு சாலையின் ஏழாம் கட்டையும் வெவ்வேறு இடங்கள். சாலையின் பெயரைக் கேட்டுப் பதியாத நேர்காணலில் இடமே தொலைந்துபோகும்.

இரண்டாவதாக, மாற்றக் காலத்து ஆவணங்கள் மயக்கம் தருபவை. 1970களிலும் 1980களிலும் எழுதப்பட்ட முகவரியில் காணும் '10' மைலையும் குறிக்கலாம், கிலோமீட்டரையும் குறிக்கலாம். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் வேறுபாடு உண்டு. ஒரு தோட்டம் எங்கிருந்தது என்பதை உறுதிசெய்ய முயலும் ஆய்வாளருக்கு இது சிறு வேறுபாடன்று.

மூன்றாவதாக, 'ஏறக்குறைய பத்து மைல் நடந்தோம்' என்னும் கூற்றை '16.09 கிலோமீட்டர்' எனப் பெயர்ப்பது, பேசியவர் கருதாத துல்லியத்தை அவர்மேல் ஏற்றுவதாகும். 'ஏறக்குறைய 16 கிலோமீட்டர்' என்பதே பொருந்தும்.

எல்லாப் 'பத்து'வும் மைலன்று என்பதையும் ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்குதல் வேண்டும். பத்துமலையின் மலாய்ப் பெயர் அருகில் ஓடும் சுங்கை பத்து ஆற்றை ஒட்டி அமைந்தது. அது தமிழ் எண்ணும் அன்று, மைல் கணக்கும் அன்று.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போன நிலையில், அங்கு வாழ்ந்தோர் நினைவில் எஞ்சியிருக்கும் முகவரி பெரும்பாலும் ஒரு கட்டை எண்ணே. பதிப்பிலும் பாடநூலிலும் அதனைக் கிலோமீட்டராக மாற்றி எழுதினால் அத்தடயமும் அழிந்துவிடும். மூலத்தில் உள்ள கட்டையை அவ்வாறே வைத்து, சாலையின் பெயரையும் தொடக்கப் புள்ளியையும் சேர்த்து, கிலோமீட்டர் அளவை அடைப்புக்குறிக்குள் தருவதே முறையாகும். அம்முதியோர் நம்மிடையே இருக்கும்போதே 'எந்தச் சாலையின் கட்டை?' என்று கேட்டுப் பதிவு செய்தல் நம் கடமையாகும்.