பிச்சைச் சம்பளமும் பிறப்புரிமையும்

உழைக்க இயலாதோருக்கு அரசு அளிக்கும் மாத உதவியை ஈழத்துத் தமிழர் நெடுங்காலம் ‘பிச்சைச் சம்பளம்’ என்றே வழங்கினர். சிங்கள மக்கள் ‘பின் படி’, அதாவது புண்ணியச் சம்பளம் என்றனர். முன்னது பெறுபவரை இரவலராக்குகிறது. பின்னது கொடுப்பவரைப் புண்ணியவானாக்குகிறது. இரண்டிலும் உரிமைக்கு இடமில்லை.

இம்மனப்பான்மையின் வேரை இங்கிலாந்தின் 1601ஆம் ஆண்டு வறியோர் சட்டத்திற் காணலாம். உழைக்கக்கூடியவர், கூடாதவர் என வறியோரை அது பிரித்தது. செருமனியோ 1889இல், தொழிலாளரும் முதலாளியும் செலுத்திய காப்புறுதிப் பணத்தைக்கொண்டு வலுவிழந்தோருக்கு ஓய்வூதியம் வகுத்தது. ஆங்கே தகுதி உழைப்பிற் பிறந்தது. இலங்கைக்கு வந்ததோ ஆங்கில வழி. 1939ஆம் ஆண்டின் வறியோர் கட்டளைச் சட்டம் கொழும்பு, கண்டி, காலி மாநகரங்களில் நடைமுறைக்கு வந்தது.

எம்பிலிப்பிட்டியவுக்கு வடமேற்கே, இறக்குவானை, காவத்தை மலைத்தோட்டங்களில் நிலை என்ன? அங்கே மனித உடலின் மதிப்பைச் செக்ரோல் புத்தகமே தீர்மானித்தது. குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு அரைப்பேர். மலையேற இயலாதவருக்கு அதுவுமில்லை. 1934ஆம் ஆண்டின் சட்டம் வேலையில் விபத்துற்றவருக்கு நட்டஈடு வகுத்தது. பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளைக்கு லயத்து அறையும் தாயின் கூலியுமே கதி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். எஞ்சிய நாடற்றோரின் துயர் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. குடிமக்களாகவே கணிக்கப்படாதோர் அரசிடம் எதனை உரிமையெனக் கேட்பர்?

1996ஆம் ஆண்டின் வலுவிழந்தோர் உரிமைச் சட்டம் வேலையிலும் கல்வியிலும் பாரபட்சத்தைத் தடுத்தது. மாத வருமானத்தை உரிமையாக்கவில்லை. சமூகப் பாதுகாப்பை உரிமையெனக் கூறும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. 2023இல் அஸ்வெசும வந்தது. அப்போது 5,000 ரூபாவாக இருந்த வலுவிழந்தோர் கொடுப்பனவு 2025இல் 10,000 ரூபாவாயிற்று. இவ்வுயர்வு வரவேற்கத்தக்கது. ஆயினும் இது குறைந்த வருமானம் உடையோருக்கே உரியது. அத்திட்டமோ குடும்பத்தின் வறுமையை 22 குறிகாட்டிகளால் அளக்கிறது. நடக்க இயலாத ஒருவரை நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வாகனக் கூலியும், அவரைப் பராமரிக்கத் தாய் இழக்கும் நாட்கூலியும் அவ்வளவுகோலில் எங்ஙனம் அகப்படும்? குடும்பத்தின் வறுமை வேறு. அக்குடும்பத்துள் ஓர் உடல் சுமக்கும் இழப்பு வேறு.

தகுதியைக் குடும்பத்தின் கூரையிலும் சுவரிலும் தேடாது, வலுவிழந்த மனிதரின் தேவையிலேயே காணும் சட்டம் வேண்டும். அதுவரை, தோட்டப்புறத்து ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. விண்ணப்பத்தை நிரப்பவும், மறுக்கப்பட்டால் மேன்முறையீடு எழுதவும் நம் கல்வி பயன்படட்டும். அவ்வெழுத்தில் இரந்து நிற்கும் தொனி வேண்டா. உரிமை கேட்கும் குரலே ஒலிக்கட்டும்.