கடவுச்சொல்லின் வரலாறு

மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, சமூக வலைத்தளம் என எதைத் திறந்தாலும் இன்று கடவுச்சொல் கேட்கப்படுகிறது. கணினியில் இவ்வழக்கம் 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) உருவான சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப் பகிர்வு முறைமையில் தொடங்கியதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. பெர்னாண்டோ கார்பட்டோ தலைமையிலான குழு அதனை உருவாக்கியது. ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். ஒருவரின் கோப்பை மற்றவர் தொடாதிருக்கவும், அவரவர்க்கு ஒதுக்கிய நேரத்தை அளக்கவும் ஆளுக்கொரு கடவுச்சொல் தேவைப்பட்டது.

பூட்டு வந்த சூட்டோடு திருட்டும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரமே கணினி கிடைத்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியே கோரிக்கை வைத்தார். மறுநாள் காலை முழுப் பட்டியலும் அச்சாகிக் காத்திருந்தது! சுமார் 25 ஆண்டுகள் கழித்தே அவர் இதனை வெளியே சொன்னார். 1966இல் நடந்ததற்குத் திருடன்கூடத் தேவைப்படவில்லை. தற்காலிகக் கோப்புகள் இரண்டு ஒரே பெயரில் அமைந்துவிட்டதால், அன்றைய அறிவிப்பு தோன்ற வேண்டிய இடத்தில் எல்லோருடைய கடவுச்சொற்களும் தோன்றின.

இவ்விரு நிகழ்வுகளிலும் எவரும் எதையும் ஊகித்துக் கண்டுபிடிக்கவில்லை. சொற்களை உள்ளபடியே ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்ததுதான் கோளாறு. யுனிக்ஸ் இயங்குதளத்தை வளர்த்த பெல் ஆய்வகத்தினர் இதற்கு ஒரு வழி கண்டனர். கடவுச்சொல்லைக் கணக்கீட்டால் உருத்தெரியாமல் மாற்றி, அவ்வடிவத்தை மட்டும் சேமித்தனர். அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாதது போல, அதிலிருந்து மூலச்சொல்லை நேராகப் பெற முடியாது. ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் சேமிப்பில் வேறுபட்டுத் தோன்றும்படி, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைக் கலந்தனர். அந்த எண்ணுக்கு உப்பு என்றே பெயர்.

இம்முறையை விளக்கி ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. 15 பேர் ஒற்றை எழுத்தையே வைத்திருந்தனர். 1988இல் இணையத்தை முடக்கிய புழு நிரல், கடவுச்சொற்களை ஊகிக்க 432 சொற்கள் கொண்ட பட்டியலையும் பயன்படுத்தியது. அதை எழுதியவர் அதே மோரிசின் மகன்!

இவ்வளவு தெரிந்த பிறகும் பழைய பிழை தொடர்ந்தது. 2009 டிசம்பரில் ராக்யூ நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள் களவுபோயின. அவை உள்ளபடியே சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 2,90,000க்கும் மேற்பட்டவை 123456.

பயனரைத் திருத்தும் முயற்சிகளும் நடந்தன. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர், பெரிய எழுத்து, எண், குறியீடு ஆகியவற்றைக் கலந்து எழுதவும், அடிக்கடி மாற்றவும் பரிந்துரைத்தார். மக்களோ பழைய சொல்லின் கடைசியில் 1, அடுத்த முறை 2 என்று சேர்த்துத் தப்பித்தனர். வேறென்ன செய்வார்கள்? பரிந்துரைத்தவற்றுள் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் பர் கூறினார். அதே ஆண்டு அந்நிறுவனமும் அவ்விதிகளைத் தளர்த்தி, நீளத்துக்கு முதன்மை தந்தது.

வீட்டுக் கணினியில் இன்று பெரிய ஆபத்து ஒரே சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவதே. ஏதோ ஒரு சிறு தளத்தில் கசிந்த சொல்லை எடுத்து, மற்ற தளங்களிலும் தானியங்கி நிரல்கள் போட்டுப் பார்க்கின்றன. மின்னஞ்சல் கணக்கு திறந்துவிட்டால், மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் அதன் வழியே மாற்றிவிடலாம். ஆகவே அதற்கெனத் தனியாக நீண்ட சொல்லும் இருபடிச் சரிபார்ப்பும் தேவை. மற்றவற்றை நினைவில் வைக்க முடியாதோர் கடவுச்சொல் மேலாண்மைச் செயலியை நாடலாம்.

அண்மையில் பரவிவரும் பாஸ்கீ முறையில் கமுக்கச் சாவி பயனரிடமே இருக்கும். தளத்திடம் அதற்கு இணையான பொதுச் சாவி மட்டுமே உண்டு. ஆலன் ஷெர் செய்தது போல அந்தக் கோப்பை ஒருவர் அச்சிட்டு எடுத்தாலும், அதை வைத்து எவர் கணக்கிலும் நுழைய முடியாது.