கெட்டியான ஆயில்தான் நல்லதா? என் தவறான அறிவுரையும் இன்ஜின் ஆயிலின் கதையும்



சென்ற மாதம் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் போன் செய்தார். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். புது வண்டி வாங்கிய சமயம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, "என்ன ஆயில் ஊத்தலாம் சார்?" என்று கேட்டிருந்தார். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தம்பி தாங்கும். 20டபிள்யூ-50 ஊத்து" என்று நானும் பெரிய மனிதர் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். அவரும் ஒன்றரை வருடம் அதையே ஊற்றியிருக்கிறார். காலையில் வண்டியை எடுக்கும்போது இன்ஜினின் மேல்பக்கம் கடகடவென்று சத்தம். திறந்து பார்த்ததில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் செயினும் தேய்ந்திருந்தன. ஒரு வாரம் வண்டி ஓடவில்லை. ஒரு வார வருமானமும் இல்லை. ஆயில் மட்டுமே காரணம் என்று மெக்கானிக் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊத்தச் சொன்னது யாரு?" என்பதுதான்.

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றார் அந்த மாணவர். வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பாகுநிலைப் பாடத்தை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். இதே அறிவுரையை உங்களில் இன்னும் பலருக்கும் சொல்லியிருப்பேன். அதனால் திருத்தத்தையும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அதற்கு வரலாறு கொஞ்சம் தேவைப்படுகிறது.

1883இல் இங்கிலாந்தில் போஷாம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மர ஆப்பு அடித்தார், அதையும் தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்தினால் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. அதாவது, அச்சு உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருந்தது.

இதற்கு 1886இல் கணக்குப் போட்டு விளக்கம் சொன்னவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். நீங்கள் பரீட்சைக்குப் படித்த ரெனால்ட்ஸ் எண்ணின் அதே ரெனால்ட்ஸ்தான். சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயை இழுத்துக்கொண்டு குறுகலான இடைவெளிக்குள் ஆப்பு போல நுழைக்கிறது. அதில் பிறக்கும் அழுத்தம்தான் பாரத்தைத் தூக்குகிறது. எண்ணெய் அளவுக்கு மீறி நீர்த்தால் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தோடு உரசும். அளவுக்கு மீறிக் கெட்டியானால் இழுவையும் சூடும் கூடும், சின்னச் சின்னப் பாதைகளில் போய்ச் சேரவும் நேரமாகும். எவ்வளவு கெட்டி என்பதை அந்த இடைவெளியும் வேகமும் பாரமும்தான் தீர்மானிக்கின்றன. இந்த ஒரு வரியை நான் மறந்ததால்தான் அந்தத் தவறான அறிவுரை.

எந்த எண்ணெய் என்ற கேள்வி மோட்டாரைவிடப் பழையது. நம் கட்டை வண்டிகளின் அச்சுக்கு என்ன போட்டார்கள் என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை. அதே விளக்கெண்ணெய் மோட்டார் உலகத்திலும் பெரிய ஆளாக இருந்தது. லண்டனில் 1899இல் சார்லஸ் வேக்ஃபீல்டு தொடங்கிய கம்பெனி, 1909இல் விளக்கெண்ணெய் கலந்த ஆயிலுக்கு காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தது. காஸ்டர் என்றால் ஆமணக்கு. அதிலிருந்து வந்த பெயர்தான் அது. முதல் உலகப் போரின் சுழல் இன்ஜின் விமானங்கள் விளக்கெண்ணெயில்தான் பறந்தன. பெட்ரோலோடு எளிதில் கலக்காது, சூட்டிலும் படலம் நிற்கும் என்பது அதன் பலம். ஆனால் நாளாக ஆகப் பிசின் போலக் கெட்டிப்பட்டு ஒட்டிக்கொள்ளும். தினமும் ஓடும் காருக்கு அது சரிப்படவில்லை. பூமிக்கடியில் எடுத்த கச்சா எண்ணெயிலிருந்து வந்த ஆயில் அந்த இடத்தைப் பிடித்தது.

ஆரம்பத்தில் ஒவ்வொரு வியாபாரியும் "லேசு", "நடுத்தரம்", "கெட்டி" என்று தன் இஷ்டத்துக்கு விற்றார். 1911இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, பாகுநிலையை அளந்து எண் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. டப்பாவில் இன்று நாம் பார்க்கும் 20, 30, 40, 50 எல்லாம் அந்த வம்சம்தான்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. எந்த எண்ணெயும் சூட்டில் நீர்க்கும், குளிரில் இறுகும். எல்லா எண்ணெயும் ஒரே அளவில் மாறுவதில்லை. 1929இல் டீன், டேவிஸ் என்ற இருவர் இதற்கு மார்க் போட்டார்கள். குறைவாக மாறும் பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100, அதிகம் மாறும் டெக்சாஸ் கடலோர எண்ணெய்க்கு 0. இன்றைய சிந்தெடிக் ஆயில்கள் இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு மேலேயே வாங்குகின்றன!

குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கு ஓர் ஆயில், கோடைக்கு ஓர் ஆயில் என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1950களில் மல்டிகிரேடு பரவியது. சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் பாலிமர்களைச் சேர்த்து, ஒரே ஆயிலை இரண்டு வேலையும் செய்ய வைத்தார்கள். 20டபிள்யூ-50 என்பதன் அர்த்தம் இதுதான். டபிள்யூ என்றால் வின்டர், அதாவது பனிக்காலம். முன்னால் உள்ள எண் டிகிரி அல்ல, குளிர்ப் பரீட்சையில் வாங்கிய தரம். பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் உள்ள பாகுநிலை.

"நமக்குத்தான் பனியே கிடையாதே சார்" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 40 டிகிரியில்கூட, அதாவது நம் சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியில்கூட, 20டபிள்யூ-50 ஆயில் 0டபிள்யூ-20 ஆயிலைவிட மூன்று மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். காலையில் சாவியைத் திருப்பிய முதல் சில நொடிகளில்தான் இந்த வித்தியாசம் அதிகம் தெரியும்.

அடுத்தது அழுக்கின் கதை. 1930களில் அமெரிக்க டீசல் டிராக்டர்களில் பிஸ்டன் ரிங்குகள் கரி படிந்து ஒட்டிக்கொண்டன. அழுக்கைக் கழுவித் தன்னுள் தாங்கிக்கொள்ளும் ரசாயனங்களை ஆயிலில் சேர்க்கத் தொடங்கியது அப்போதுதான். ஆகவே ஆயில் கறுத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

இந்தத் தரத்தைக் காட்டத்தான் ஏபிஐ எழுத்துகள். பெட்ரோல் வண்டிக்கு எஸ் வரிசை: எஸ்ஏ, எஸ்பி, எஸ்சி என்று அகரவரிசையில் போகும். கடைசி எழுத்து இசட் பக்கம் நகர நகரப் புதிய தரம். 2010இல் எஸ்என் வந்தது, 2025இல் எஸ்கியூ. ரசாயனம் எதுவும் சேர்க்காத முதல் தரமான எஸ்ஏ, 1930க்குப் பிறகு வந்த பெரும்பாலான இன்ஜின்களுக்கே ஆகாது என்று ஏபிஐ சொல்கிறது. டீசலுக்கு சி வரிசை.

சரி, என் "கெட்டி" அறிவுரை எங்கிருந்து வந்தது? அம்பாசிடர் காலத்திலிருந்து. 1950களின் பிற்பகுதியில் வந்து 2014 வரை உற்பத்தியான அந்த வண்டியின் அடிப்படை, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார். அந்தக் காலத்து இன்ஜின்களில் பேரிங் இடைவெளிகள் தாராளம். தேயத் தேய இன்னும் தாராளம். கெட்டி ஆயில் ஊற்றினால் அழுத்தம் நிற்கும், சத்தம் அடங்கும், புகை குறையும். அன்றைய மெக்கானிக்குகள் சொன்னது அன்றைய இன்ஜினுக்கு முழு உண்மை. பொய் சொன்னது அவர்கள் அல்ல. இன்ஜின் மாறியதைக் கவனிக்காதது நான்.

இன்றைய இன்ஜினில் இடைவெளிகள் நுணுக்கமானவை. செயின் டென்ஷனர், வால்வு நேரத்தை மாற்றும் பாகம் எல்லாம் ஆயில் அழுத்தத்தால் இயங்குபவை. அதனால்தான் பல சிறிய பெட்ரோல் கார்களின் கையேட்டில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: நீர்த்த ஆயிலுக்கு எரிபொருள் சிக்கனச் சட்டங்களும் ஒரு காரணம். அதனால் சில கையேடுகள் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகளை, வெளி வெப்பநிலையோடு சேர்த்து அட்டவணையாகத் தந்திருக்கும். மலைப்பாதையிலும் பாரத்திலும் அதிகம் ஓடுபவர்கள் அந்த அட்டவணைக்குள் சற்றுக் கெட்டியானதை எடுக்கலாம். அட்டவணையைத் தாண்டக் கூடாது.

இனி என் திருத்திய அறிவுரை.

வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள்: கிரேடு எண்ணும் ஏபிஐ எழுத்தும். இரண்டும் பொருந்தினால் எந்த நல்ல கம்பெனி ஆயிலும் சரி. பிஎஸ்-6 டீசல் வண்டியில் புகை வடிகட்டி இருந்தால், அதை அடைக்காத, சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் கையேடு சொல்லும். அங்கே சொந்த யோசனை வேண்டாம். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் கையேட்டில் சொன்ன மாதக் கணக்கில் ஆயிலை மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சமதளத்தில், சூடு ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்து அளவு பாருங்கள். சீல் உடையாத டப்பாவை வாங்குங்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள், போலி நிரப்ப உதவாது.

என் பேச்சைக் கேட்டுப் புது வண்டியில் கெட்டி ஆயில் ஊற்றியவர்கள் பதற வேண்டாம். அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் கையேட்டில் உள்ளதற்கு மாற்றிவிடுங்கள். பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்களுக்கு என் பழைய அறிவுரை இன்னும் செல்லும்.

அந்த மாணவரின் ரிப்பேர் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். மறுத்துவிட்டார். "அடுத்த தடவை மதுரை போறதுன்னா என் வண்டியில வாங்க சார், அது போதும்" என்றார். போகத்தான் போகிறேன். ஏறும் முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டு.

வாழ்க வளமுடன்.